குமிழி வந்த இடம்

பள்ளிக்கூடத்துச் சாலை வளையும் இடத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. வாசலில் பழைய டயர்கள், நடுவில் தண்ணீர் நிறைந்த இரும்புத் தொட்டி, ஓரத்தில் வந்தவர்கள் உட்கார ஒரு மரப்பெஞ்சு. கடையை நடத்துவது என் அண்ணி. வெளியே எல்லாருக்கும் அவர் டயர்க்கா. தலை நரைத்தவர்கள்கூட டயர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அண்ணன் லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் எப்போது திரும்புவார் என்பது அந்த லாரிக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் அண்ணி அவரோடு லாரியில் போய்வந்து கொண்டிருந்தார். நடுவழியில் டயர் கழற்றுவதையும் மாட்டுவதையும் பார்த்து, பிறகு கூடமாட உதவி செய்து, தொழில் கைக்கு வந்துவிட்டது. மகள் பிறந்ததும் வீட்டோடு இருக்க வேண்டி வந்தது. இருந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, கடை போட்டுவிட்டார்.

திறந்த புதிதில் ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இருக்காரு. லாரி எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. வர்ற வரைக்கும் இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கீங்களா?"

அவர் வண்டியை நிறுத்தினார். இன்றுவரை வேறு கடைக்குப் போவதில்லை.

மகளுக்கு வீட்டில் பெயர் நட்டு. தவழும் வயதில் கடைக்குள்ளேயே கிடந்து, கையில் எப்போதும் ஒரு நட்டை இறுக்கிப் பிடித்திருப்பாள். பிடுங்கினால் அழுகை ஊரைக் கூட்டும். அண்ணன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பத்தாம் வகுப்பு. இன்ஜின் சம்பந்தமாகப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அடுத்த வகுப்பில் கணக்கு குரூப் கிடைக்க வேண்டும். அவர்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கூடமே வைக்கும் முழுப் பரீட்சையில் கணக்கில் அவர்கள் சொல்லும் மார்க்கைத் தொட்டால்தான் உண்டு.

போன வருஷம் வரைக்கும் எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. நட்டு கணக்கில் புலி. இந்த வருஷம் என்ன ஆனதோ, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக ஒவ்வொரு பரீட்சைக்கும் மார்க் இறங்கிக்கொண்டே வந்தது.

"எங்கேடி தப்பு பண்றே?"

"தெரியலைம்மா. பேப்பர் குடுத்தாத்தானே தெரியும்?"

அதுதான் சங்கதி. எழுதிக் கொடுத்த பேப்பர் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. மார்க்கை மட்டும் வகுப்பில் வாசிப்பார்களாம். எந்தக் கணக்கு சரி, எது தப்பு, எந்த வரியில் சறுக்கியது என்று பார்க்க வழியில்லை. முதல் பரீட்சைப் பேப்பர் வருவதற்குள் இரண்டாவது பரீட்சை வந்துவிட்டது. அதுவும் கிணற்றுக்குள் போனது.

நான் அஞ்சாவதோடு நின்றவள். அவள் படிப்பு எனக்குப் புரியாது. அவள் படிக்க உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். ஆண்டவனுக்குக் கணக்கு தெரியும் என்ற நம்பிக்கைதான்.

இந்தக் கவலை எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. சாயங்காலம் ஆனால் கடைப் பெஞ்சில் பெற்றவர்கள் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு வண்டி, வண்டிக்கொரு காற்று, காற்றோடு புலம்பல். பால் வண்டி ஓட்டுகிறவருக்கு நட்டு வகுப்பில் ஒரு மகன்.

"என் பையன் என்ன எழுதினோம்கிறதையே மறந்துட்டான் டயர்க்கா. இனிமே பேப்பர் வந்தாலும் எவனோ எழுதினதுன்னு திருப்பிக் குடுத்துடுவான்."

பேங்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தர். எல்லாரும் அவரைப் பேங்க் அம்மா என்போம்.

"எங்க பேங்க்ல ஒரு செக்கை இப்படி ஊறப் போட்டேன்னு வைங்க, என்னையே ஊறப் போட்டுடுவாங்க. முழுப் பரீட்சை முடிஞ்சப்புறம் தப்பைக் காட்டி என்ன பண்ண? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?"

"டியூஷன்ல போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் பால் வண்டிக்காரர்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "போட்டிருக்கேன். அந்த மாஸ்டரும் பாவம், முதல் பாடத்துலேருந்து மறுபடியும் நடத்தறாரு. எங்கே ஓட்டைன்னு பாக்காம காத்து அடிச்சா, அடிக்கறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்."

"வர்ற கூட்டத்துல ஒரே பேச்சுதான்," என்றார் பேங்க் அம்மா. "இந்தக் கணக்கு சார் வேண்டாம், வேற ஆளைப் போடுங்க. எல்லாரும் கை தூக்கணும். நீங்கதான் டயர்க்கா முதல்ல எந்திரிக்கணும். போன வருஷம் பேசினீங்களே, அது மாதிரி!"

போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு லாரி சின்னப் பிள்ளை ஒருத்தியின் பையை உரசிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் காப்பாற்றினான். லாரிக்காரன் பெண்டாட்டிக்கு லாரியைப் பற்றித் தெரியாதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அண்ணி எழுந்து, கடைசிப் பிள்ளை வெளியே போகிற வரைக்கும் கேட்டில் ஒரு வாத்தியார் நிற்க வேண்டும் என்று மேஜையைத் தட்டிக் கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். தலைமை ஆசிரியை, எங்களுக்குப் பெரிய டீச்சர், ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து யாராவது ஒரு வாத்தியார் நிற்கிறார். ஒரு பிள்ளைக்கும் கீறல் பட்டதில்லை.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, சாயங்காலம், அந்தக் கணக்கு சாரே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். நான் அண்ணிக்கு டீ கொண்டுபோயிருந்தேன். சார் ஒல்லி, சின்ன வயது. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். வண்டியில் தொங்கிய பெரிய துணிப்பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். பை வாயில் பரீட்சைப் பேப்பர் கட்டு எட்டிப் பார்த்தது.

பெஞ்சின் மறுமுனையில் இருந்த பால் வண்டிக்காரருக்குக் கண் விரிந்துவிட்டது.

"டயர்க்கா! தேடின புதையல் தானா வந்து உக்காந்திருக்கு. உங்க பொண்ணோடதும் என் பையனோடதும் மட்டும் சும்மா உருவிப் பாத்துட்டு வச்சுடலாம்."

"கையை எடுய்யா," என்றார் அண்ணி. "என்கிட்ட குடுத்தது வண்டி. பையைக் குடுக்கலை."

சார் திரும்பி வந்ததும் அண்ணி டயரை நெம்பி டியூபை உருவினார். கொஞ்சம் காற்று அடித்துத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"சார், உங்க பத்தாம் வகுப்புல என் பொண்ணு படிக்கறா. சண்டை போடலை, சும்மாதான் கேக்கறேன். பேப்பர் ஏன் சார் வர மாட்டேங்குது?"

சார் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். இப்படி ஒருவர் அமைதியாகக் கேட்டு நெடுநாள் ஆகியிருக்கும் போல.

"பழைய ஸ்கூல்ல மணி அடிச்சதும் காலி வகுப்புல போய் உக்காந்துடுவேங்க. சத்தமே இருக்காது. அன்னிக்கு எழுதினதை அன்னிக்கே முடிச்சுடுவேன். இங்கே மணி அடிச்சதும் கேட்டுக்கு ஓடணும். ஆளுக்கு ஒரு நாள்னு ஆரம்பிச்சாங்களாம். புதுசா வந்தவன், வயசுல சின்னவன்னு இப்போ தினமும் என் தலையில. கடைசிப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக ஆள் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க. ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்கும். ஒரு பேப்பரை எடுத்து வச்சுட்டு பேனாவைத் தேடினா, பேப்பர் ஒரு குழந்தையோட வாய்க்குள்ள இருக்கும்."

"யாரு சார் வாத்தியாரை கேட்டுல நிக்க வச்சது?" என்று கேட்டார் பால் வண்டிக்காரர். அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது.

"போன வருஷக் கூட்டத்துல ஒரு அம்மா மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டாங்களாம். நான் பாத்ததில்லை. பயங்கரமான அம்மான்னு பெரிய டீச்சர் இன்னும் சொல்லுவாங்க."

பால் வண்டிக்காரருக்கு டீ புரையேறிவிட்டது. நான் அவர் தலையைத் தட்டப் போனேன். அண்ணியின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. டியூபின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாக, வரிசையாக, குமிழி வந்துகொண்டிருந்தது.

"ஓட்டை இருக்கற இடம் தெரிஞ்சுடுச்சு சார்," என்றார் அண்ணி.

டியூபைப் பற்றித்தான் அண்ணி சொல்கிறார் என்று நினைத்து, சார் எட்டிப் பார்த்தார்.

அன்று வீட்டில் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் கேட்டது தப்பா?" என்றார் என்னிடம்.

"தப்பில்லை அண்ணி. பிள்ளைங்க பத்திரமா வீடு வருதுங்க."

"ஆமா. ஆனா போர்வையை இழுத்துக் காலை மூடினேன், தலை வெளியே வந்துடுச்சே. இப்போ அந்த மனுஷனையே மாத்தச் சொல்லி நான்தான் முதல்ல எந்திரிக்கணுமாம்."

"ஆண்டவன் ஒரு வழி காட்டுவாரு அண்ணி."

"காட்டட்டும். நீ வேண்டிக்கோ. நான் ஆள் பிடிக்கறேன்."

கூட்டம் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் நடந்தது. பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கித் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கணக்கு சார் சுவரோரம் நின்றிருந்தார். பேங்க் அம்மா எழுந்து, பேப்பர் வராத கதையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து, "மீதியை டயர்க்கா சொல்லுவாங்க," என்று உட்கார்ந்தார்.

அண்ணி எழுந்தார். "சாரை மாத்த வேண்டாங்க. கேட்டுல நிக்கற ஆளை மாத்தினாப் போதும்."

ஹாலில் சலசலப்பு. அண்ணி நடந்ததைச் சொன்னார். திருத்துகிற நேரத்தைப் பிடுங்கிக் கேட்டில் கட்டிப் போட்டது யார், அதைக் கேட்டு வாங்கியது யார் என்று ஒளிக்காமல் சொன்னார். கணக்கு சார் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஆமா சார், அந்தப் பயங்கரமான அம்மா நான்தான்."

பெரிய டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "யானை தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"யானைதாங்க," என்றார் அண்ணி திரும்பி. "ஆனா அன்னிக்கு நான் மண்ணை அள்ளும்போது நீங்களும்தான் கை தட்டினீங்க. அப்போ நீங்க யாரு, பாகனா?"

ஹால் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. அது அடங்கியதும் அண்ணி கேட்டார். கேட்டில் இனிமேல் பெற்றவர்கள் நிற்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு பேர். சாருக்கு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பெரிய டீச்சர் முடியாதென்று தலையை ஆட்டினார். "வெளி ஆளுங்களை நம்பிப் பிள்ளைங்களை விட முடியாதும்மா."

"யாரு டீச்சர் வெளி ஆளு? பெத்தவங்களா?"

"இன்னிக்கு உற்சாகமா வருவீங்க. நாலு நாள் போனா தலைவலி, விருந்தாளி, வேலைன்னு ஒவ்வொருத்தரா நின்னுடுவீங்க. நான் எத்தனை கூட்டம் பாத்திருக்கேன்."

"நின்னா, பழையபடி சாரையே நிறுத்துங்க. நாங்க அப்புறம் பேப்பர்னு வாயைத் திறக்க மாட்டோம்."

மற்றவர்கள் வராமல் போனால் நட்டின் கதி என்ன? ஆனால் அண்ணி சொல்லிவிட்டார். பெரிய டீச்சரும் இறங்கி வந்தார். "சரி. ஒரே ஒரு நாள் ஒரே ஒரு ஆள் குறைஞ்சாலும் அதோட முடிஞ்சுது."

அப்போதுதான் கணக்கு சார் வாய் திறந்தார். "அந்த நேரம் கிடைச்சா, தேங்கினதை முதல்ல முடிச்சுக் குடுத்துடறேன். அப்புறம் எழுதின மறுநாளே பேப்பர் பிள்ளைங்க கையில இருக்கும்."

மறுநாளே அண்ணி கடையிலிருந்த பழைய டயர்களை உருட்டிக்கொண்டு போனார். வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பாதி மண்ணில் புதைத்துக் கேட்டுக்கு இருபுறமும் வேலிபோல் நிறுத்தினார். பிடி வைத்த வட்டப் பலகை ஒன்றில் 'நில்' என்று எழுதினார். இன்னொரு பலகை: 'பள்ளிக்கூடம். ஹாரன் அடிக்காதீர்.' பேங்க் அம்மா மேலாளரிடம் மல்லுக்கட்டி வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கினார். அவர் நிற்கும் நாளில் பிள்ளைகள் நூல் பிடித்தாற்போல் வரிசையாகப் போகும். லாரிக்குப் பயந்தல்ல.

அண்ணன் எந்த ஊரிலிருந்தாவது போன் செய்து இரண்டே கேள்வி கேட்பார். "சாப்பிட்டீங்களா? பேப்பர் வந்துச்சா?"

"முதல் கேள்விக்கு ஆமா. ரெண்டாவதுக்கு வரும்," என்பார் அண்ணி.

பிறகு அந்த மழை வந்தது. காலையில் பிடித்தது விடவே இல்லை. அன்று முறை பேங்க் அம்மாவுக்கும் பால் வண்டிக்காரருக்கும். பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரம்தான். அண்ணிக்குப் போன் வந்தது.

"டயர்க்கா, நான் வர முடியாது. பால் வண்டி பஞ்சர். எங்கேயோ வயக்காட்டுக்கு நடுவுல நிக்கறேன்."

"ஏன்யா, பஞ்சர் ஆகறதும் ஆகறே, என் கடை வாசல்ல ஆகக் கூடாதா?"

அண்ணி போக முடியாது. ஜாக்கியில் ஒரு பாரவண்டி சக்கரமில்லாமல் நின்றிருந்தது. அப்படியே விட்டுவிட்டு நகர்வது ஆபத்து. என்னைப் பார்த்தார். நான் சாலையைத் தனியாகத் தாண்டவே பயப்படுகிறவள்.

"போறியா?"

குடையை எடுத்துக்கொண்டு, இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கேட்டில் பேங்க் அம்மா மட்டும் நனைந்துகொண்டு நிற்பார் என்று நினைத்துப் போனேன். அங்கே போனால் ஒரே குடைக் கூட்டம். மழையில் யாராவது வராமல் போய்விடுவார்களோ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்து, முறை இல்லாதவர்கள் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். யானை என்று கேலி செய்தவரும் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

பெரிய டீச்சர் மாடி ஜன்னலைத் திறந்து பார்த்தார். "என்ன இது, குடைக் கடை போட்டிருக்கீங்களா?"

"உங்களுக்கு ஒண்ணு வேணுமா டீச்சர்?" என்றார் பேங்க் அம்மா. பெரிய டீச்சர் சிரித்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவருக்குப் பக்கத்து ஜன்னலில் விளக்கு எரிந்தது. காலி வகுப்பில் கணக்கு சார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்புப் பேனா. மழையையும் அவர் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, மழை.

அந்த வாரமே பேப்பர் வந்தது. நட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் கடைக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, கண்டுபிடிச்சாச்சு! எல்லாம் ஒரே தப்பும்மா. திரும்பத் திரும்ப ஒண்ணையே பண்ணியிருக்கேன்."

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் குறி மாற வேண்டுமாம். இவள் முதலில் இருப்பதற்கு மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கிறாள். அந்த ஒரு அடி சறுக்கியதும் கணக்கு முழுவதும் சறுக்கிவிடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் சார் சிவப்பில் வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார். நட்டு உரக்க வாசித்தாள்.

"கழித்தல் குறி மாமியார் மாதிரி. வாசலில் வந்து நின்றால் முதலில் இருப்பவர் மட்டும் எழுந்தால் போதாது. வீட்டுக்குள் இருக்கிற எல்லாரும் எழ வேண்டும்."

அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டியூப் தொட்டிக்குள் விழுந்தது. என்னைப் பார்த்து, "உங்கம்மாவை இந்த சார் எங்கே பாத்தாரு?" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "அவ்வளவுதானா? இந்த ஊசி முனை ஓட்டைக்கா வருஷம் பூரா காத்து அடிச்சோம்?"

"அவ்வளவுதாம்மா."

அதற்குப் பிறகு எழுதிய பேப்பர் எல்லாம் சார் சொன்னபடி மறுநாளே வந்தது. சின்னச் சின்னத் தப்புகள் இருந்தன. சூடு ஆறுவதற்குள் கையில் கிடைத்ததால், அன்றே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடுவாள். அடைப்புக்குறியைக் கண்டால் "மாமியார் வர்றாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போடுவாள். டியூஷனை அவளே நிறுத்திவிட்டாள். முழுப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது, எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் மார்க் வருகிற வரைக்கும் என் பிரார்த்தனையை நான் குறைக்கவில்லை.

மார்க் சொன்ன நாளில் கேட்டில் நிற்கும் முறை அண்ணிக்கு. நானும் கூட நின்றேன், இப்போதெல்லாம் நிற்கிறேன். பள்ளிக்கூடம் விட்டாயிற்று. சின்ன வகுப்புப் பிள்ளைகள் சாலையைத் தாண்ட வந்தார்கள். வளைவில் ஒரு லாரி வந்தது. அண்ணி நடுச்சாலையில் போய்ப் பலகையைத் தூக்கிப் பிடித்தார். லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். பார்த்தால் எங்கள் அண்ணன். முகம் முழுக்கத் தாடி.

"என்னையே நிறுத்தறியா?"

"பிள்ளைங்க போகட்டும். அப்புறம் பேசு."

அப்போது நட்டு கேட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். பின்னால் கணக்கு சார் வேகமாக நடந்து வந்தார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் இவள் கத்தியே விட்டாள்.

"அம்மா! கணக்கு குரூப்! கிடைச்சிருச்சும்மா! அவங்க கேட்ட மார்க்கைவிட அதிகம்! அப்பா! அப்பா எப்போ வந்தே?"

அண்ணிக்கு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது, எனக்குத் தெரியும். ஆனால் சாலையில் இன்னும் பிள்ளைகள். பலகையைத் தூக்கிய கையை இறக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பேங்க் அம்மா சாலையோரத்தில் கை தட்ட, பால் வண்டிக்காரர் விசிலடிக்க, அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லாரியின் ஹாரனை அப்படியே அமுக்கிப் பிடித்துவிட்டார். பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

"யோவ் டிரைவர்!" என்று கத்தினார் அண்ணி. "பள்ளிக்கூடத்து வாசல்ல ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு பலகை வச்சிருக்கு, கண்ணு தெரியலை?"